மீட்டர் சார் வீட்டு மரச்சுவர்

எங்கள் தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. மீட்டர் சார் என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். மின்சார ஆபீசில் மீட்டர் கணக்கெடுக்கிற வேலையில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவர். அடுத்தவர் வீட்டு மணியை அழுத்துவது, உள்ளே இருந்து "யாரு?" என்று குரல் வந்ததும் "மீட்டர்!" என்று கத்துவது, கதவு திறக்கிற வரை வாசலில் நிற்பது. இதுதான் அவர் பார்த்த உத்தியோகம். அவர் நிற்காத வாசல் இந்தப் பக்கத்தில் கிடையாது. எந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒன்றையும் சொல்லத் தெரியாது.

நான் பக்கத்து வீடு. துணி தைக்கிறேன். என் தையல் மிஷின் இருக்கிற ஜன்னலும் அவர் கூடத்து ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. எது வேண்டுமானாலும் ஜன்னலிலேயே பேசிக்கொள்வோம். தெருப்பக்கம் சுற்றிப் போய், கேட்டில் நின்று, மணி அடித்து, உள்ளே நுழைகிற நாசூக்கெல்லாம் எனக்கு வராது. "மீட்டர் சார்!" என்று ஒரு கத்து, அவ்வளவுதான். மூடிய ஜன்னலையும் துளைத்துக்கொண்டு போகும் என் குரல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு ஆளாளுக்கு, "பக்கத்துலயே இருந்தியே, உனக்குத் தெரியலையா?" என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் சார் என்றால், "யாரும் கேக்கலம்மா" என்பார், ஏதோ பந்தியில் விட்டுப்போன மாதிரி. அம்மா இருந்தவரை அம்மாவும் பிள்ளையுமாக ஓட்டினார்கள். கூடப்பிறந்தவள் ஒரே ஒரு தங்கை. ஐம்பதைத் தாண்டியும் அவளுக்குப் பெயர் பாப்பா. பாப்பா கட்டிக்கொண்டு போனது இதே ஊரின் அந்தக் கோடியில்தான். வாரம் தவறாமல் வருவாள். வந்தால் இந்தச் சந்து முழுக்க அண்ணன் தங்கை சண்டையும் சிரிப்புமாக இருக்கும்.

அம்மா போன பிறகு ஒருநாள், கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பாப்பா எழுந்தாள். முதுகெல்லாம் வெள்ளையாக உப்பு. அந்தச் சுவரில் ஓதம் ஏறிக் காரை பொரிந்து, தொட்டால் உதிரும். எத்தனை தடவை கொத்தனாரை வைத்துப் பூசினாலும் மறு மழைக்கு மறுபடி பொரியும். பாப்பா முதுகைத் தட்டிக்கொண்டே, "என்னண்ணா இது, சவக்குழி மாதிரி இருக்கு? இதுலயா அம்மாவ வெச்சிருந்த?" என்றாள்.

அவள் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை அவருக்கு எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. அம்மா படுத்தபடுக்கையாகக் கிடந்ததெல்லாம் அந்தச் சுவரோரம்தான். "அப்படின்னா இந்தப் பக்கம் வராத" என்றார். "வரல" என்றாள். போனாள். என் மிஷினை நிறுத்திவிட்டு நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வருஷங்கள் போயின. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த வீம்பு. இவர் போன் செய்தால் அவள் எடுக்கமாட்டாள். அதற்குப் பிறகு இவரும் செய்யவில்லை.

அந்த வருஷங்களில் அவர் கூடத்திலிருந்து எனக்குக் கேட்ட சத்தம் மின்விசிறி மட்டும்தான். சில மத்தியானங்களில் அதோடு ஒரு இருமல்.

போன கோடையில் பாப்பாவின் மகன் போன் செய்தான். மீட்டர் சார் அன்றைக்குத் தலைகால் புரியாமல் ஜன்னலுக்கு வந்தார். "எம்மா, பாப்பா வர்றாளாம்! மருமகன் சொல்றான். எப்பன்னு சொல்லலியாம். 'மாமா வீட்டுச் சுவரு இன்னும் அப்படியேதான் இருக்கா'ன்னு அவன்கிட்ட விசாரிச்சாளாம்."

"அது வர்றேன்னு அர்த்தமா சார்?"

"வேற என்ன அர்த்தம்? வராதவளுக்கு என் சுவரு எப்படி இருந்தா என்ன?"

அவர் கணக்கு அவருக்கு. மறுநாளே தச்சரைக் கூட்டிவந்தார். அந்தத் தச்சருக்கு நான் வைத்த பெயர் காதுப்பென்சில். தூங்கும்போதும் காதில் பென்சிலோடுதான் தூங்குவார் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறாள். கூடத்தின் ஓதச் சுவரையும் வாசல்பக்கச் சுவரையும் தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் மரத்தால் மூடிவிட வேண்டும் என்றார் மீட்டர் சார். பெரிய வீடுகளில் கதவு திறக்கும்போது தூரத்தில் தெரியும் மரச்சுவர்கள் அவர் கண்ணில் அப்படியே நின்றிருக்கின்றன.

காதுப்பென்சில் அவசரப்படவில்லை. வெளியே மழைத்தண்ணீர்க் குழாய் விரிசல் விட்டுச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. முதலில் அதை மாற்றச் சொன்னார். பொரிந்த காரையைக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசி, காயவிட்டார். அப்புறம் ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுப் போனார். தாளுக்கு உள்பக்கம் தண்ணீர் முத்துப் பிடித்தால் ஓதம் இன்னும் இருக்கிறது என்று பொருளாம். மீட்டர் சார் அந்தத் தாளைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தார். நான் சோறு வடிக்கும்போது பார்த்தாலும் அங்கே நிற்கிறார், துணி வெட்டும்போது பார்த்தாலும் நிற்கிறார்.

சுவர் காய்ந்தது. பலகைகள் வந்தன, பிளைவுட்டின் மேல் வினீர் என்கிற மெல்லிய தேக்குத் தகடு ஒட்டியவை. வந்ததும் அடிக்கவில்லை. கூடத்தில் நிறுத்திவைத்துவிட்டு, "மரம் வீட்டோட பழகணும் சார். இந்த ரூமு காத்துக்குப் பழகாம அடிச்சா அப்புறம் உப்பும், இளைக்கும்" என்றார் தச்சர். பழகுவதற்காகப் பலகைகள் சில நாள் சுவரில் சாய்ந்து நின்றன. அந்த நாட்களில் மீட்டர் சார் உள்ளறையை விட்டுக் கூடத்துக்குப் பாயைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, "வீட்ல ஆள் வந்து நிக்கிற மாதிரி இருக்கும்மா" என்றார். எனக்கு அன்றைக்கு ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை.

செங்கல் சுவரில் பலகையை அப்படியே ஒட்டிவிட முடியாது. துளை போட்டு, பிளாஸ்டிக் முளை செருகி, ஸ்க்ரூ முடுக்கி, முதலில் ரீப்பர் என்கிற மரச்சட்டங்களைச் சுவரில் வரிசையாகப் பிடிக்க வேண்டும். பலகை அந்தச் சட்டத்தில்தான் உட்காரும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் பழைய சுவர் வயிறு தள்ளி நின்றது. தச்சர் சட்டங்களுக்கு அடியில் சின்னச் சின்ன ஆப்புகள் வைத்து நேராக்கினார்.

வாசல்பக்கச் சுவரில் அழைப்புமணிப் பெட்டி இருந்தது. டிங்-டாங் என்று அடிக்கிற பழைய ரகம். பொத்தான் தெருக்கேட்டின் தூணில். பெட்டியின் மேல்மூடி என்றைக்கோ உடைந்து, உள்ளே தகட்டில் போய் அடிக்கிற சின்ன இரும்புத் தண்டு வெளியே தெரிந்துகொண்டிருக்கும்.

"இத என்ன சார் பண்றது? ஒயர இழுத்து, பலகைக்கு மேல மாட்டணும். கரண்டு ஆள் வரணும்" என்றார் தச்சர்.

"கரண்டு ஆளா? நான் யாரு?" என்றார் மீட்டர் சார். மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டதைத் தவிர ஒரு ஒயரைத் தொட்டவரில்லை அவர். ஆனால் அந்த ஆபீஸ் சம்பளம் வாங்கியவரிடம் போய் யார் சொல்வது? "உடைஞ்ச பெட்டி வெளிய தெரிஞ்சா அசிங்கம்யா. உள்ளயே கெடக்கட்டும். வயலினே மரப்பெட்டிதான? பலகைக்குள்ள இருந்து அடிச்சா இன்னும் இனிமையா கேக்கும் பாரு."

பலகையை அடித்ததும் அழுத்திப் பார்த்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, இனிமையாகத்தான் கேட்டது. என் ஜன்னலுக்கே வந்தது.

எல்லாம் முடிந்து, ஓரங்களை மறைக்கும் பீடிங் சட்டம் அடிக்கப்போகும் நேரம். மீட்டர் சார் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். இன்னொரு இடத்தில் தட்டினார். முகம் மாறிவிட்டது.

"என்னய்யா, தொம் தொம்முனு கேக்குது?"

"பின்னாடி இடைவெளி இருக்குல்ல சார், அப்படித்தான் கேக்கும்."

"காலி வீடு மாதிரி கேக்குதுய்யா."

தச்சர் எவ்வளவோ சொன்னார். இவர் ஒற்றைக்காலில் நின்றார். கண்ணுக்குத் தேக்கு மாளிகை, தட்டினால் ஆளில்லாத வீடு. இதை அவரால் தாங்க முடியவில்லை. கடைசியில் தச்சர் அலுத்துப்போய், பலகைகளைக் கழற்றி, சோபாவுக்கு வைக்கிற ஸ்பாஞ்சை வெட்டி, சட்டங்களுக்கு நடுவே சந்துபொந்து விடாமல் திணித்து, திரும்ப மூடினார். மீட்டர் சார் தட்டினார். சத்தமே இல்லை. "இப்ப சரி. இப்ப ஆள் இருக்கிற வீடு" என்றார்.

அதற்கப்புறம் மணியை அழுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

என் போனில் கூடத்தைப் படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பச் சொன்னார். ஜன்னல் வழியாகவே எடுத்து அனுப்பினேன். பிறகு காத்திருந்தார். காத்திருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம்தான், ஆனால் அதெல்லாம் கதவுக்கு வெளிப்பக்கம் நின்று. உள்பக்கம் இருந்து காத்திருக்க அவருக்குத் தெரியவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். எழுந்து பலகையைத் துடைப்பார். பாலிஷ் மேல் தூசி படியும் என்று வாசல் கதவைச் சாத்தினார். முன்பெல்லாம் அது பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். தெருக்கேட்டையும் பூட்டி வைத்தார். என் பக்கத்து ஜன்னலை மட்டும் விட்டுவைத்தார், அதுவும் முக்கால்வாசி மூடி.

"ஏம்மா," என்றார் ஒருநாள், "மரம் வெச்சதுலேர்ந்து சோப்பு விக்கிறவன்கூட வர்றதில்ல, கவனிச்சியா? முன்னாடி தினம் ஒருத்தன் மணி அடிப்பான்."

"கூடத்தப் பாத்து பயந்துட்டானோ என்னவோ" என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது கிண்டலாகப் படவில்லை. உலகம் தன்னை மொத்தமாகக் கைகழுவிவிட்டது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மழைக்காலம் பிறந்துவிட்டது. பாப்பா வரவில்லை. ஒரு காலை மீட்டர் சார் தாங்கமாட்டாமல் மருமகனுக்குத் தானே போன் செய்தார். நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதுதான் அவர் வழக்கம், அதனால் எனக்கு எல்லாம் கேட்டது.

"அம்மா எப்பப்பா வருது?"

"வந்துட்டுத்தான் போச்சே மாமா. நீங்க படம் அனுப்பின மறுவாரமே. ரெண்டு தடவ மணி அடிச்சு, கேட்டப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுச்சாம். உள்ள லைட்டு எரிஞ்சுதாம், கதவுக்கு மேல இருக்கிற கண்ணாடியில ஃபேன் சுத்துறது தெரிஞ்சுதாம். 'எங்கண்ணன் உள்ள இருந்துக்கிட்டே தெறக்கல'ன்னு வந்து ஒரே அழுகை. இனிமே அந்த வீட்டப் பத்திப் பேசாதன்னு எனக்கும் உத்தரவு போட்டுருச்சு."

அவர் போனை வைத்தாரா, அவனே வைத்தானா தெரியவில்லை. மீட்டர் சார் முகத்தில் ஈயாடவில்லை. பாப்பா வந்த அன்றைக்குப் பார்த்து நான் தைத்த துணிகளைக் கொடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்க வேண்டும். இருந்திருந்தால் என் குரல் இருக்க, மணி எதற்கு?

"எம்மா, கொஞ்சம் உள்ள வா" என்றார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தெருப்பக்கம் சுற்றிக்கொண்டு அவர் கூடத்துக்குப் போனேன். என்னை நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுக்குப் போனார். சற்றுப் பொறுத்துக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"கேட்டுச்சா?"

"இல்ல சார்."

மறுபடி போனார். வந்தார். "இப்ப?"

"இல்ல."

மூன்றாவது முறை என் முகத்தைப் பார்த்ததும் கேட்கவே இல்லை. நேராகப் போய் மணியை மூடிய பலகையில் காதை வைத்துக்கொண்டு, "நீ போய் அழுத்தும்மா" என்றார். நான் போய் அழுத்து அழுத்து என்று அழுத்திவிட்டு வந்தேன். அவர் காதை எடுக்காமல் அப்படியே நின்றிருந்தார். ஸ்பாஞ்சு அந்த இரும்புத் தண்டை அசையவிடாமல் கவ்விப் பிடித்திருக்கிறது. யாரும் வரவில்லை என்று அவர் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் யார் யார் வந்து நின்றுவிட்டுப் போனார்களோ.

"வேலைல இருந்தப்ப நானும் ரெண்டு தடவதான் அடிப்பேன். தெறக்கலன்னா 'பூட்டிய வீடு'ன்னு குறிச்சுட்டுப் போயிடுவேன்" என்றார். அழுதார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

தச்சரைக் கூப்பிடலாம் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. சமையலறையிலிருந்து தேங்காய் உரிக்கிற கம்பியைக் கொண்டுவந்தார். அந்தப் பளபளப்பான பலகையின் விளிம்பில் கொடுத்து நெம்பினார். வினீர் கிழிந்தது. அவர் கண் இமைக்கவில்லை. ஸ்பாஞ்சை வாரி வாரி வெளியே எறிந்தார். மணிப் பெட்டி தெரிந்தது. நான் கேட்டுக்குப் போய் அழுத்தினேன். டிங்-டாங். "இன்னொரு தடவ" என்று உள்ளே இருந்து குரல். அழுத்தினேன். "இன்னொரு தடவ."

அன்றைக்கே கிளம்பினார். "நீயும் வாம்மா. ரெண்டு பேராப் போனா மூஞ்சில அடிச்ச மாதிரி கதவ சாத்தமாட்டா." பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாப்பாவிடம் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். பாப்பா வீட்டு வாசலில் மணியை அழுத்தினார்.

"யாரு?" என்றது உள்ளே பாப்பாவின் குரல்.

"மீட்டர்!" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாவம், "யாரு" என்ற கேள்விக்கு அவருக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். ஆயுசெல்லாம் அதைச் சொல்லித்தான் கதவு திறந்திருக்கிறது.

உள்ளே கொலுசுச் சத்தம் கதவு வரைக்கும் வந்து நின்றது. கூடப்பிறந்தவன் குரல் தெரியாதா? கதவைத் திறக்காமலே சொன்னாள். "மீட்டர் வெளியிலதான் இருக்கு. பாத்துட்டுப் போங்க."

அவர் திரும்பி, அந்த மீட்டரைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், சட்டைப்பைக்குக்கூடக் கை போனது. பிறகு மூடிய கதவைப் பார்த்துப் பேசினார். பஸ்ஸில் பாடம் செய்ததில் ஒன்றும் வரவில்லை. "பாப்பா, மணி கேக்கல. பலகைக்குள்ள வெச்சு அடைச்சுட்டேன். தட்டினா காலியா கேட்டுச்சுன்னு பஞ்சத் திணிச்சேன். நீ வந்தது எனக்குத் தெரியாது பாப்பா."

கதவு திறக்கவில்லை.

"அம்மா படுத்திருந்த எடம். அதான் நல்லா இருக்கட்டுமேன்னு..."

அதற்கும் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கதவை உதைத்திருப்பேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அவர் உதடு அசையவில்லை.

கிழித்த பலகையை அவர் சரிசெய்யவில்லை. தச்சர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். புதுசு போட்டுத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டார். மிச்சமிருந்த ஸ்பாஞ்சையும் எடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். வாசல் கதவு மறுபடியும் பகல் முழுக்கத் திறந்து கிடந்தது. சோப்பு விற்கிறவன் வந்தான். இவர் ஓடிப்போய்த் திறந்து, வீட்டில் இருந்ததெல்லாம் போதாதென்று இன்னும் நாலு கட்டி வாங்கினார். புதிதாக வேலைக்கு வந்த மீட்டர் பையன் வந்தான். அவனை உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, காபி கொடுத்தார். பையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நெளிந்தான். ஒவ்வொரு மணிக்கும் அவர் எழுந்து ஓடுவதும், நடந்து திரும்புவதும் எனக்கு ஜன்னல் வழியாகத் தெரியும். பார்க்காமல் இருப்பதற்காக மிஷினைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் மணி அடித்தது. டிங்-டாங். நிறுத்தி, மறுபடி ஒருமுறை. அவர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். எச்சில் கையோடு எழுந்து, "யாரு?" என்றார்.

கேட்டிலிருந்து பதில் வந்தது. "கேக்குதா?"

என் கால் மிஷினில் அப்படியே நின்றுவிட்டது.

"கேக்குது பாப்பா" என்றார் அவர். சாவி எங்கே என்று தேடும் சத்தம், எதுவோ உருளும் சத்தம், கேட் திறக்கிற சத்தம்.

பாப்பா கூடத்துக்கு வந்து நின்றாள். நான் மிஷினை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டேன், வெட்கமென்ன. நல்ல மரத்தையும் கிழிந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கிழிசலுக்குள் தெரிந்த மணிப் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். அம்மா படுத்திருந்த மூலைக்குப் போய், பலகையை விரலால் தட்டினாள்.

"என்னண்ணா, இவ்வளவு பண்ணியிருக்க, உள்ள ஒண்ணுமே வெக்கலையா? காலியா கேக்குதே."

"காலியாவே இருக்கட்டும் பாப்பா. அடைச்சா நீ வர்றது தெரிய மாட்டேங்குது."

பாப்பா இன்னொரு தடவை தட்டப் போனாள். தட்டவில்லை. உள்ளங்கையை அப்படியே மரத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.